காப்பித்தூளைத் தேடிய கதை

மியான்மரின் யாங்கோனில் மாமாவின் மளிகைக் கடைக்கு இணையக் கடை ஒன்று கட்டினேன். பிஎச்பி என்ற நிரல்மொழி, மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம், அதில் பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் என மூன்று அட்டவணைகள்; ஒரே வாரத்தில் முடிந்தது. மறுநாளே மாமா கேட்டார்: “என்ன மாப்பிள்ளை, வாடிக்கையாளர்கள் தேடினால் நம் கடையில் காப்பித்தூளே இல்லை என்கிறதாமே?”

இருந்தது. மாமாவின் கைபேசியில் பர்மிய எழுத்தில் அழகாகத் தெரிந்தது. என் கைபேசியிலோ எழுத்துக்கு முன்னால் ஒரு புள்ளிவட்டம் தொங்கியது. மாமாவின் பழைய கைபேசியில் ஜாஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு, என்னுடையதில் உலகப் பொதுக் குறியீடான யூனிகோடு. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, மாமா மாறவில்லை. பர்மிய எழுத்தும் நம் ‘கெ’ போலத்தான்: கொம்பு பார்வைக்கு மெய்க்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். ஜாஜியோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிக்கும். ஜாஜியில் சேமித்ததை யூனிகோடில் தேடினால் எப்படிப் பொருந்தும்?

கூகுளின் மியான்மர் டூல்ஸ் நிரலைக் கொண்டு ஜாஜி வரிகளைக் கண்டுபிடித்து யூனிகோடுக்கு மாற்றினேன். அவசரத்தில் கண்டறியும் படியை விட்டுவிட்டு இரண்டாம் முறை ஓட்டியதில், சரியாக இருந்தவையும் சிதைந்தன. நல்லவேளை, காப்புப் பிரதி இருந்தது. பிறகு ‘மாற்றியாயிற்று’ என்று குறிக்க அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்தேன். சின்னச் சின்னப் பெயர்களில் கண்டறிதல் தடுமாறியது; அவற்றை மாமாவுடன் உட்கார்ந்து கண்ணாலேயே சரிபார்த்தேன். இப்போது தேடல் பெட்டியில் தட்டுவதும் மாற்றப்பட்ட பிறகே தரவுத்தளத்துக்குப் போகிறது. மாமா இன்னும் அதே கைபேசியைத்தான் வைத்திருக்கிறார்.