கவிஞர்கள் தொண்டு நிறுவனங்களுக்கும் கலைக்குழுக்களுக்கும் எழுதிச் சம்பாதிப்பது எப்படி?

நான் நாகர்கோவில்காரன். கவிதை எழுதுகிறேன். தொண்டு நிறுவனங்களுக்கும் கலைக்குழுக்களுக்கும் ஆண்டறிக்கை, துண்டறிக்கை, நிதி விண்ணப்பம் எழுதிக்கொடுத்துக் குடும்பம் நடத்துகிறேன். கவிதை எழுதும் தம்பி தங்கைகள் இந்த வேலைக்கு வருவது எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

இந்த வேலையில் அலங்காரத்துக்கு மதிப்பில்லை. ஒருவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பதும், அதில் உயிருள்ள சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவதும்தான் உங்கள் மூலதனம். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழிச் சொத்துரிமையால் நாஞ்சில் நாட்டுப் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்ல வந்த கவிமணி, அதை ஒரு பெண்ணின் வாயாலேயே சொல்லவைத்தார். நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் தேவையில்லை.

2004 சுனாமி, 2017 ஒக்கி புயல் இரண்டுக்கும் பிறகு நம் கடற்கரை ஊர்களில் பல அமைப்புகள் வேலை செய்தன. மகளிர் குழுக்கள், மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்கள், வில்லிசைக் குழுக்கள், தோற்பாவைக்கூத்துக் குடும்பங்கள் என்று எழுத ஆள் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் கதவைத் தட்டுவதற்கு முன் இவர்களில் ஒருவருக்கு இரண்டு பக்கம் உருப்படியாக எழுதிக்கொடுங்கள். அடுத்த வேலைக்குக் காட்ட அது போதும்.

எழுதும் முறைக்கு ஓர் உதாரணம். மீன் விற்கும் பெண்களுக்கான திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் தரும் பழைய அறிக்கையில், "விளிம்புநிலை மகளிரின் வாழ்வாதார மேம்பாட்டுக்கான ஒருங்கிணைந்த முன்னெடுப்பு" என்றிருக்கும். அதை வாசித்து யார் பணம் கொடுப்பார்கள்? நேரே கடப்புறம் போங்கள். ஏலம் முடிந்து, பெண்கள் பாத்திரத்தில் ஐஸ் போட்டு வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் பேச்சுக்கு நல்லது. "கையில ரூவா இருந்தா நல்ல மீன் கிட்டும். இல்லேன்னா மிச்சந்தான்" என்று ஓர் அக்கா சொன்னால், விண்ணப்பத்தின் முதல் வரி அதுதான். அடுத்த வரியில் நீங்கள் எழுத வேண்டியது: "விடியற்காலை ஏலத்துக்குக் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் இருக்க இந்தப் பெண்களுக்கு ஒரு சுழல்நிதி வேண்டும்." (ஒருவர் திருப்பிக் கட்டியதை அடுத்தவருக்குக் கடனாகக் கொடுக்கும் பொதுப்பணம்தான் சுழல்நிதி.) தேவை என்ன, எவ்வளவு, எத்தனை பேருக்கு என்பதைத் தொடர்ந்து சொல்லிவிட்டால் முதல் பக்கம் முடிந்தது.

எழுதியதைச் சொன்னவரிடமே வாசித்துக் காட்டுங்கள். இதை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வேண்டாம் என்று அவர் சொன்னால், எவ்வளவு நல்ல வரியானாலும் எடுத்துவிட வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பாதுகாப்பு இல்லங்களில் இருக்கும் குழந்தைகள், வன்முறைக்கு ஆளான குழந்தைகள் ஆகியோரின் பெயர், முகம், பள்ளி, ஊர் எதுவும் வெளியே தெரியக்கூடாது. 2012 போக்சோ சட்டமும் 2015 சிறார் நீதிச் சட்டமும் அதைத் தடுக்கின்றன. கண்ணை மட்டும் மறைத்த படமும் வேண்டாம். ஊர்க்காரர்கள் சட்டையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கலைக்குழுக்களின் தேவை வேறு. கொடை என்கிற கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாடுகிற வில்லிசைக் குழுவுக்கு நகரத்து விழாவில் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். முத்துப்பட்டன் கதையில் எந்தப் பகுதியை அங்கே பாடுவது என்று தலைமைப் பாடகரான புலவரோடு உட்கார்ந்து பேசுவதும் உங்கள் வேலைதான். அப்புறம் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: எத்தனை பேர் வருவார்கள், மேடை எவ்வளவு அகலம் வேண்டும், எத்தனை மைக், வண்டிச் செலவு யாருடையது, சம்பளம் எவ்வளவு. வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை ஒவ்வொன்றுக்கும் வாசிப்பவர் பெயரைப் போடுங்கள். நோட்டீஸில் புலவர் படம் பெரிதாக இருக்கும். குடம் அடிக்கிறவர் பெயரே இருக்காது. அந்தக் குடம் இல்லாமல் வில்லுப்பாட்டு ஏது?

இனி பணம். பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. பாரம்பரியக் கலைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. இது பல குழுக்களுக்குத் தெரியாது, நீங்கள் சொல்லிக்கொடுக்கலாம். வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகளுக்கு, அதற்கான சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நிர்வாகச் செலவு அந்த நிதியில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அறிக்கை எழுதும் செலவும் அதற்குள்தான் வரும். அதனால் திட்டத்துக்கு பட்ஜெட் போடும்போதே உங்கள் கட்டணத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் கொடுக்க அவர்களிடம் இருக்காது.

பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதை எழுத்தில் போடுங்கள். பில்லில் 10 சதவீதம் வரி பிடித்தார்கள் என்றால் அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது அது கழிவாகவோ திரும்பவோ கிடைக்கும்.

உங்கள் பாட்டை ஓர் அமைப்பு பிரச்சாரத்துக்குக் கேட்டால், எழுதிக் கையெழுத்துப் போடாதவரை உரிமை உங்களுடையது. உரிமையை எழுதிக்கொடுத்தாலும், எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் 1957 பதிப்புரிமைச் சட்டம் கொள்கிறது. வாய்ப்பேச்சில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

ஆண்டறிக்கை வேலை மார்ச் கணக்கு முடிந்த பிறகு வரும். ஆகவே தொண்டு நிறுவனங்களை பிப்ரவரியிலேயே போய்ப் பாருங்கள். வில்லிசைக்காரர்களை பங்குனி, சித்திரையில் பிடிக்க முடியாது, கொடை மேல் கொடை இருக்கும். அந்த மாதங்களில் பேச வேண்டாம். கொடைக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டைக் கேளுங்கள்.