கல்யாணப் படத்தைப் போட்டிக்கு அனுப்பப் போகிறீர்களா?

பேராக்கில் சுங்கை சிப்புட், பீடோர், பாகான் செராய் பக்கம் கல்யாணப் படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். போட்டிக்குப் போகிற தரத்தில் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் படம் கிடக்கிறது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தோட்டத்துக் கோயில், உறுமி மேளம், பாலாய்ராயா என்கிற பொது மண்டபத்தில் விருந்து, பின்னால் செம்பனை வரிசை என்று கோலாலம்பூர் ஹோட்டல்களில் மட்டும் எடுப்பவர்களுக்குக் கிடைக்காத காட்சியெல்லாம் உங்களுக்குக் கிடைக்கிறது. எந்தப் படத்தை அனுப்புவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதலில் ஆல்பத்தை மூடி வையுங்கள். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்தது பெண் வீடும் மாப்பிள்ளை வீடும். யாரும் கண்ணை மூடவில்லை, பெரியம்மா விட்டுப்போகவில்லை, புடவை நன்றாகத் தெரிகிறது என்று பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். அது அவர்கள் உரிமை. நடுவருக்கோ அந்தக் குடும்பத்தில் ஒருவரையும் தெரியாது. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை, அன்றைக்குப் பெய்த மழை அவருக்குத் தெரியாது, நீங்கள் எவ்வளவு பாடுபட்டு அந்த இடத்தில் நின்றீர்கள் என்பதும் தெரியாது. படத்தின் நான்கு ஓரத்துக்குள் இருப்பது மட்டும்தான் அவருக்கு. அதனால் கார்டில் இருந்து இறக்கிய முழுத் தொகுப்பையும் திறந்து முதலிலிருந்து பாருங்கள்.

ஒரு தோட்டத்துக் கோயில் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டும் நொடி எல்லோரிடமும் இருக்கும், நடுவர் அதை எத்தனையோ தடவை பார்த்திருப்பார், போதாததற்கு இப்போது சுற்றிலும் கைப்பேசி பிடித்த கைகள் வேறு. அதற்கு அடுத்த சில படங்களுக்குப் போங்கள். அட்சதை போட ஒரு பாட்டி முன்னால் வருகிறார், காலமெல்லாம் பால்மரம் சீவிய கை, விரல் மூட்டுகள் தடித்துப் போயிருக்கின்றன. ஒரு படத்தில் பாட்டி முகம், பெண், மாப்பிள்ளை, ஐயர், வீடியோக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். இன்னொன்றில் அந்தக் கையும், அரிசி விழும்போது லேசாகக் கண்ணைச் சுருக்கும் பெண்ணும் மட்டும். ஆல்பத்துக்கு முதல் படம், போட்டிக்கு இரண்டாவது. பார்க்கிறவர் கண் எங்கே போக வேண்டும் என்று இரண்டாவது படம் தானே சொல்லிவிடுகிறது.

தேர்ந்தெடுத்ததை நம் சடங்கு தெரியாத ஒரு மலாய் அல்லது சீன நண்பரிடம் காட்டுங்கள். விளக்கம் எதுவும் கொடுக்காமல், முதலில் எதைப் பார்த்தாய், என்ன நடக்கிறது என்று தோன்றுகிறது என்று மட்டும் கேளுங்கள். ஓரத்தில் கிடக்கும் தண்ணீர் போத்தலை அவர் முதலில் சொன்னால் அந்தப் படத்தை விட்டுவிடலாம்.

அப்புறம் அனுமதி. இதை நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 26ஆவது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை அவருக்கே மாறிவிட்டதாகக் கருதப்படும், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர. எடுத்தவன் நான், அதனால் என் படம் என்று நினைத்துக்கொண்டு அனுப்பினால், போட்டி விண்ணப்பத்தில் உரிமை எனக்கே என்று நீங்கள் டிக் செய்வது பொய்யாகிவிடலாம். ஆகவே முன்பணம் வாங்கும்போதே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: பதிப்புரிமை படம் எடுத்தவரிடம் இருக்கும், போட்டிக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்தலாம். பழைய கல்யாணமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் கேட்டாலே போதும், ஆனால் எழுத்தில் பதில் வாங்குங்கள். "அக்கா, உங்க கல்யாணத்துல பாட்டி அட்சதை போடுற படத்தைப் போட்டிக்கு அனுப்பலாமா? ஜெயிச்சா இணையத்துலயும் கண்காட்சியிலயும் வரும். உங்களுக்கும் பாட்டிக்கும் சம்மதமா?" என்று படத்தையும் சேர்த்து அனுப்பினால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், பாட்டி வேண்டாம் என்றாலும் அப்படித்தான்.

எடிட் செய்வதை ரா ஃபைலில், அதாவது கேமரா பதிவு செய்த மூலக் கோப்பில் இருந்து புதிதாகத் தொடங்குங்கள். ஆல்பத்துக்காக முகத்தை வெளுக்க வைத்து, தோலை மெழுகியிருப்போம், வாடிக்கையாளர் கேட்டிருப்பார். போட்டிக்கு அது ஆகவே ஆகாது. நம் ஆட்களின் கறுப்பு நிறம் கறுப்பாகவே, அதன் மினுமினுப்போடு வரட்டும். அதைச் சரியாகக் காட்டத் தெரிந்தவர் என்று நடுவர் உங்களை மதிப்பார், அதைவிட முக்கியம், அந்தப் பெண்ணுக்கு அதுதான் நியாயம். கோயில் டியூப் லைட்டால் வரும் பச்சையை மட்டும் எடுத்துவிடுங்கள். முழு அளவில் பெரிதாக்கி, குறுக்கே பட்டை பட்டையாக நிழல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த விளக்குகளின் கீழ் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 விநாடி வைத்தால் பட்டை விழாது, அடுத்த கல்யாணத்துக்கு நினைவில் வையுங்கள். ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆளை அழிப்பது, ஏஐ வைத்து வானத்தையோ பூவையோ சேர்ப்பது வேண்டாம், பல போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் ரா ஃபைலைக் கேட்பார்கள்.

எந்தப் போட்டி? சோனி உலகப் புகைப்பட விருதுகளின் ஓப்பன் பிரிவுக்குக் கட்டணம் இல்லை, தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். கல்யாணப் படங்களுக்கென்றே இருப்பவை பெரும்பாலும் படத்துக்கு இவ்வளவு என்று டாலரில் வாங்கும், ரிங்கிட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பத்துப் படம் அள்ளிப் போடாமல் நல்லதாக ஒன்றிரண்டு அனுப்புங்கள். விதிமுறையில் உரிமை பற்றிய பத்தியை முழுதாகப் படியுங்கள். ஜெயித்த படத்தை விருதுச் செய்திக்குப் பயன்படுத்துவோம் என்றால் பரவாயில்லை. வந்த படங்கள் எல்லாவற்றையும் காலத்துக்கும் எதற்கும் பயன்படுத்துவோம் என்றிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அது இலவசமாகப் படம் சேர்க்கும் வேலை.

தலைப்புக்கு "காதல்", "பாசம்" என்று வைக்காதீர்கள். பெண்ணின் பாட்டி, ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி, மஞ்சள் அரிசி தூவி வாழ்த்துகிறார், பேராக், மலேசியா என்று படத்தில் தெரியாததைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரிடமாவது ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அனுப்பும் ஃபைல் ஜேபெக் வடிவில், எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில், அவர்கள் கேட்ட அளவில் இருக்கட்டும். படத்தின் மேல் ஸ்டூடியோ பெயர் கூடாது, ஃபைல் பெயரிலும் உங்கள் பெயர் வேண்டாம் என்று விதி இருக்கும், பாருங்கள். கடைசி நாள் எந்த ஊர் நேரப்படி என்பதையும் கவனியுங்கள்: லண்டனில் நள்ளிரவு என்றால் நமக்கு மறுநாள் காலை 8 மணி, அங்கே கோடைக்காலமாக இருந்தால் 7 மணி. அந்த நேரத்தை நம்பி உட்காராதீர்கள், நம் பக்கம் மாலையில் இடி மழை வந்தால் இணைய லைன் படுத்துவிடும். இரண்டு நாள் முன்னாலேயே ஏற்றிவிட்டு, கிடைத்தது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறதா, ஸ்பாம் பெட்டி உட்படப் பாருங்கள்.