கையடக்கக் குண்டுப் புதிர்ப்பெட்டி: வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவிழாக் கடைகளில் விற்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் பெட்டியைப் பலரும் கையில் வைத்து விளையாடியிருப்போம். உள்ளே ஒன்றிரண்டு குண்டுகள், வளைந்து வளைந்து போகும் சுவர்கள், மேலே கண்ணாடி போல ஒரு மூடி. பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துக் குண்டைப் போக வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 3டி பிரிண்டரும் லேசர் கட்டிங் கடைகளும் பரவலாகிவிட்டதால் இப்போது இதைச் சொந்தமாகச் செய்து பார்க்கிறவர்கள் நிறைய. ஆனால் கணினித் திரையில் அருமையாகத் தெரிந்த பெட்டி, கைக்கு வந்ததும் சப்பென்று போய்விடுகிறது. அரை நிமிடத்தில் முடிந்துவிடும், அல்லது குண்டு எங்காவது சிக்கிக்கொண்டு நகராது.

பெரும்பாலும் இதற்குக் காரணம், பென்சிலுக்கு வரையும் புதிர்ப்பாதையை அப்படியே பெட்டிக்குள் இறக்குவதுதான். காகிதப் புதிரில் கஷ்டமே வழியைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதனால் முட்டுச்சந்துகளை நிறைய வைக்கிறோம். உள்ளங்கை அளவுப் பெட்டியில் வழி பார்த்த உடனே தெரிந்துவிடும். இங்கே கஷ்டம் கையில் இருக்க வேண்டும். எத்தனை முட்டுச்சந்து வைத்தாலும் விளையாடுகிறவர் அவற்றைக் கண்ணாலேயே ஒதுக்கிவிடுவார். குழியோ பொறியோ இல்லாமல் செங்கோணத்தில் திரும்பும் சந்துகள் மட்டும் இருந்தால், இடது, வலது, மேல், கீழ் என்று வரிசையாகச் சாய்த்தாலே போதும். சுவரே குண்டை வழிநடத்திவிடும், திறமைக்கு அங்கே வேலை இல்லை.

ஸ்வீடனில் 1946இல் பிரியோ நிறுவனம் கொண்டுவந்த மரப்பெட்டி விளையாட்டைப் பாருங்கள். அது மேசையில் வைத்து இரண்டு குமிழ்களைத் திருகி ஆடுவது. போக வேண்டிய பாதையைத் தரையிலேயே கோடாகப் போட்டுக் காட்டிவிடுகிறார்கள், ரகசியம் எதுவும் கிடையாது. வழியெங்கும் 60 குழிகள். அவற்றில் விழாமல் போவதுதான் ஆட்டம்.

குழிகள் விஷயத்தில்தான் அடுத்த பெரிய தவறு நடக்கிறது. நீளமான நேர்ச்சந்தின் நடுவில் ஒரு குழி வைத்துவிட்டு, குண்டு கண்டிப்பாக விழும் என்று நம்பிவிடுகிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழுக்காமல் உருளும் திண்மக் குண்டின் முடுக்கம், உராய்வின்றி வழுக்கும் பொருளின் முடுக்கத்தில் ஏழில் ஐந்து பங்கு. பெட்டியை 5 டிகிரி சாய்த்தால் அது நொடிக்கு நொடி, நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் வீதம் வேகம் கூட்டும். 3 செ.மீ. ஓடியதும் வேகம் நொடிக்கு சுமார் 19 செ.மீ. 10 செ.மீ. ஓடிவிட்டால் நொடிக்கு 35 செ.மீ.

இப்போது குழியைப் பாருங்கள். குண்டின் விட்டம் 6 மி.மீ., குழியின் விட்டம் 8 மி.மீ. என்று வையுங்கள். குழியைக் கடக்கும் நேரத்துக்குள் குண்டு தன் ஆரத்தின் அளவு, அதாவது 3 மி.மீ., கீழே இறங்கினால்தான் உள்ளே விழும். அதற்கு சுமார் 0.025 நொடி வேண்டும். அந்த நேரத்தில் குண்டின் மையத்துக்குக் கிடைக்கும் தூரம் 5 மி.மீ.தான். நொடிக்கு 20 செ.மீ.க்கு மேல் வேகமாக வரும் குண்டு எதிர் விளிம்பில் மோதித் துள்ளிக் கடந்துவிடும். 3 செ.மீ. தூரத்தில் இருக்கும் குழி பிடித்துக்கொள்ளும், 10 செ.மீ. தள்ளி இருக்கும் அதே அளவுக் குழி பிடிக்காது.

இதைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். பெட்டியை வெடுக்கென்று சாய்த்தால் எல்லாக் குழியையும் தாண்டலாம் என்று தெரிந்த பிறகு, நிதானமாக ஆட யாருக்கும் மனசு வராது. சரி, என்ன செய்யலாம்? குழிக்கு முன்னால் ஓடும் தூரத்தை 3 செ.மீ.க்குள் வையுங்கள். அல்லது குழியைத் தாண்டியதும் ஒரு குறுக்குச் சுவர் வையுங்கள், வேகமாக வரும் குண்டு அதில் மோதித் திரும்பிக் குழியிலேயே விழும். குழியை 10 மி.மீ.க்குப் பெரிதாக்கினால் நொடிக்கு 28 செ.மீ. வரை பிடிக்கும். ஆனால் குழிக்குப் பக்கத்தில் குண்டு போக இடம் மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் இவற்றில் குறுக்குச் சுவரைத்தான் பரிந்துரைப்பேன். அவசரப்படுகிறவரை மட்டும்தான் அது தண்டிக்கிறது, நிதானமாக வருகிறவருக்கு அது தடையே இல்லை.

குண்டை வாங்கிய பிறகு வரையுங்கள்

முதலில் படம், அப்புறம் குண்டு என்று போவது தலைகீழான வழி. பெட்டிக்குள் எல்லா அளவும் குண்டிலிருந்துதான் பிறக்கிறது. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது சைக்கிள் கடை பால்ரஸ் குண்டுதான். பொதுவாக முன்சக்கரத்துக்குப் போடுவது 4.76 மி.மீ., பின்சக்கரத்துக்குப் போடுவது 6.35 மி.மீ. இரண்டும் அங்குலக் கணக்கில் வருபவை, அதனால்தான் இந்த ஒழுங்கில்லாத எண்கள். இவற்றை 5, 6 என்று முழுதாக்கி வரைந்தால் சந்தில் இறுகும், இல்லை என்றால் ஆடும்.

சந்தின் அகலம் குண்டு விட்டத்தைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு இருந்தால் நன்றாக ஓடும். இரண்டு மடங்கு வைத்தால் குண்டு சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே போகும், அதைக் கையால் அடக்க முடியாது. 6 மி.மீ. குண்டுக்கு 8.5 மி.மீ. சந்து, 1.2 மி.மீ. சுவர் என்று போட்டால், 10 செ.மீ. அகலப் பலகையில் பத்துச் சந்துகள்தான் அடங்கும். இது தெரியாமல் இருபது சந்து வரைந்துவிட்டு, பிறகு மொத்தத்தையும் சுருக்குகிறவர்கள் உண்டு. சுருக்கும்போது சந்தும் சேர்ந்து சுருங்கிவிடும்.

சுவரின் உயரம் குண்டின் மையத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் வேகமாக வரும் குண்டு சுவர் விளிம்பில் ஏறப் பார்க்கும். அதைவிட மோசம், சுவர் உச்சிக்கும் மூடிக்கும் இடையில் உள்ள இடைவெளி குண்டின் விட்டத்தைவிடக் கொஞ்சமே குறைவாக இருப்பது. குண்டு அதற்குள் நுழைந்து ஆப்பு அடித்தது போல நின்றுவிடும், எவ்வளவு குலுக்கினாலும் வராது. 6 மி.மீ. குண்டுக்கு உள்ளுயரம் 7, சுவர் 4.5 முதல் 5 என்பது பத்திரமான அளவு. மூடி வரைக்கும் சுவரை உயர்த்தலாமே என்றால், பெட்டியைச் சாய்க்கும்போது சுவருக்குப் பின்னால் குண்டு மறைந்துபோகும். நடுவில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் சுவரை மூடி வரை தூண் போல உயர்த்தினால் போதும். 2 மி.மீ. அக்ரிலிக் மூடி விரல் அழுத்தத்தில் வளைந்து குண்டை அமுக்குவதை அந்தத் தூண்கள் தடுக்கும்.

லேசரில் அடுக்கடுக்காக வெட்டி ஒட்டுகிறவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்யும் பலகை) இரண்டு அடுக்கு வைத்தால் 6 மி.மீ. அதில் 6 மி.மீ. குண்டு போட்டால் மூடி குண்டின் தலையிலேயே உட்காரும். 3 மி.மீ. என்று விற்கும் பலகையும் பல நேரம் சரியாக 3 இருக்காது. வெர்னியர் காலிப்பரால் அளந்து பார்த்துவிட்டு வரையுங்கள். இரண்டு அடுக்குக்கு 4.76 மி.மீ. குண்டு கச்சிதமாகப் பொருந்தும். வெட்டிய ஓரத்தில் படியும் கரியைத் துடைக்காமல் மூடினால், குண்டு அதைப் பெட்டி முழுக்கத் தடவிவிடும்.

தரை

3டி பிரிண்ட் தரையைத் தடவிப் பார்த்தால் வழவழப்பாகத்தான் தோன்றும். குண்டுக்கு அப்படி இல்லை. ஒரு லேயரின், அதாவது பிரிண்டர் ஒரு தடவையில் இடும் அடுக்கின், உயரமான 0.2 மி.மீ. அளவு ஒரு படி வழியில் இருந்தால், நின்றுகொண்டிருக்கும் 6 மி.மீ. குண்டு அதன்மேல் ஏற, பெட்டியைச் சுமார் 21 டிகிரி சாய்க்க வேண்டும். அவ்வளவு சாய்த்து அது ஏறிவிட்டால், ஏறிய வேகத்தில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. குண்டு சிறியதாகச் சிறியதாக இந்தத் தொல்லை கூடும். 4 மி.மீ. குண்டுக்கு அதே படி 26 டிகிரி கேட்கும். தரையை முற்றிலும் தட்டையாக வைத்து, ஸ்லைசரில் (படத்தை அடுக்குகளாக்கிப் பிரிண்டருக்குத் தரும் மென்பொருள்) மேல்பரப்பைத் தேய்க்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். நூல் நூலாகத் தொங்கும் பிசிறுகளைச் சந்து சந்தாகப் பார்த்து எடுங்கள். வெல்வெட், ஃபெல்ட் துணியைத் தரையில் ஒட்ட வேண்டாம். பார்க்க அழகு, ஆனால் குண்டு உருளாது, அந்த 'கடகட' சத்தமும் போய்விடும்.

இதே கணக்கை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். குண்டு போய் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டக் குழிவு போட்டால், குழிவின் விட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது குண்டைப் பிடித்துவைக்கும். 6 மி.மீ. குண்டுக்கு 1 மி.மீ. குழிவு சுமார் 10 டிகிரி சாய்வு வரைதான் தாங்கும். 2 மி.மீ. என்றால் 20 டிகிரி, 3 மி.மீ. என்றால் 30 டிகிரி. அரை மில்லிமீட்டர் ஆழமே போதும். எல்லாக் குழிவையும் 'கைக்கு வந்த அளவில்' போடுவதுதான் இங்கே தவறு. ஒரே பெட்டியில் பல குண்டுகளைச் சேர்க்கும் புதிரில் இந்த எண்தான் ஆட்டத்தின் கடினம்.

அமெரிக்காவில் சார்லஸ் கிராண்டல் 1889இல் கொண்டுவந்த 'பிக்ஸ் இன் குளோவர்' என்ற குண்டுப் புதிர் இதற்குச் சிறந்த பாடம். ஒன்றுக்குள் ஒன்றாக வட்டச் சுவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு திறப்பு, நான்கு குண்டுகள், நடுவில் அவற்றை அடைக்க ஒரு பட்டி. அந்த வருடம் அது அமெரிக்காவையே பிடித்து ஆட்டியது. அதில் சிக்கலான பாதையே கிடையாது. நான்காவது குண்டை உள்ளே கொண்டுவரச் சாய்க்கும்போது, ஏற்கெனவே உள்ளே போன மூன்றும் வெளியே வரப் பார்க்கும். அவ்வளவு எளிய வடிவத்தில் அத்தனை தவிப்பு. நூறு முட்டுச்சந்து வரைவதைவிட இப்படி ஒரு யோசனை மேல்.

விழுந்த குண்டு எங்கே போகும்?

இதை யோசிக்காமலே பலர் குழி வெட்டிவிடுகிறார்கள். தரையில் வெறும் பள்ளமாக வெட்டினால், விழுந்த குண்டை எடுக்கப் பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்து நிமிர்த்தினால் குண்டு அதே குழிக்குப் பக்கத்திலேயே கிடக்கும், அங்கிருந்தே ஆட்டம் தொடரும். விழுந்ததற்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றால் விழாமல் இருக்க யார் மெனக்கெடுவார்கள்? குழியை முழுதாகத் துளைத்து, கீழே இன்னொரு தளம் வைத்து, சாய்த்தால் குண்டு தொடக்கத்துக்கே வந்து சேருமாறு செய்வது முறை. 6 மி.மீ. குண்டுக்கு மேல்தளம் 7, கீழ்த்தளம் 7, நடுத்தரை, அடிப்பலகை, மூடி ஆளுக்கு 2 என்று பெட்டியின் தடிமன் 20 மி.மீ. ஆகும். கைக்குப் பாரமில்லை. ஆனால் இதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும், பிறகு நுழைக்க முடியாது.

அதே நேரம், கடைசித் திருப்பத்தில் விழுந்தவரையும் முதலிலிருந்து வரச் சொல்வது எல்லோருக்கும் ஒத்துவராது. சின்னப் பிள்ளைகளுக்கான பெட்டி என்றால் நடுவழியில் ஓர் இளைப்பாறும் குழிவு வையுங்கள். மைக்கேல் மெக்கின்னிஸ் உருவாக்கிய பெர்ப்ளெக்சஸ் என்ற உருண்டை வடிவக் குண்டுப் புதிரில் பாதை நெடுக எண்கள் இருக்கும். தோற்றாலும் 'போன தடவை 23, இந்தத் தடவை 31' என்று சொல்லிக்கொள்ளலாம். எண் அச்சடிக்கச் செலவே இல்லை, மறுபடி கையில் எடுக்க வைக்கும். முதல் நான்கைந்து குழிகளை எளிதாக வைப்பதும் அதற்குத்தான். தொடங்கிய இடத்திலேயே கடினமான குழியைப் போட்டால் பாதிப் பேர் பெட்டியைக் கீழே வைத்துவிடுவார்கள்.

பொருள், மூடி, பத்திரம்

சில சின்னச் சின்ன விஷயங்கள். பால்ரஸ் குண்டு எண்ணெயோடுதான் வரும், துடைக்காமல் போட்டால் தூசியை இழுக்கும். துடைத்தால் கடலோர ஊர்களில் துருப்பிடிக்கும், அங்கே ஸ்டெயின்லெஸ் குண்டு வாங்குவது நல்லது. சின்ன பிளாஸ்டிக் குண்டுகள் அக்ரிலிக் மூடியின் நிலைமின்னால் மேலே ஒட்டிக்கொள்ளும். சாம்பல் நிறத் தரையில் இரும்புக் குண்டு கண்ணுக்கே தெரியாது, கறுப்போ வெளிர் மஞ்சளோ போடுங்கள். கட்டைவிரல் பிடிக்க இரு ஓரத்திலும் வெறும் விளிம்பு விடுங்கள், இல்லாவிட்டால் விரலே பாதையை மறைக்கும். மூடியைச் சூப்பர் குளூவால் ஒட்டினால் அதன் ஆவி படிந்து அக்ரிலிக் வெண்மையாக மங்கிவிடும். 3 மி.மீ. திருகு நான்கு போட்டால் போதும்.

பத்திரம் பற்றி மட்டும் அலட்சியம் கூடாது. இந்த அளவுக் குண்டு மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கும், அந்த வயதுப் பிள்ளைக்கு இதைச் செய்தே தர வேண்டாம். பழைய காலத்தில் குண்டுக்குப் பதிலாகப் பாதரசத் துளி விட்ட பெட்டிகள் விற்றதுண்டு. அதை வீட்டில் முயல்வது விஷத்தைக் கையில் பிடிப்பது. குண்டாகக் காந்தங்களும் வேண்டாம், ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று கவ்வி உயிருக்கே ஆபத்தாகும். விற்கும் எண்ணம் இருந்தால், இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

திருகை இறுக்கும் முன் பெட்டியை நான்கைந்து பேரிடம் கொடுங்கள். எப்படி ஆடுவது என்று விளக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கையை மட்டும் பாருங்கள். குலுக்குகிறார்கள் என்றால் எங்கோ குண்டு ஒட்டுகிறது, தரையைப் பாருங்கள். வெடுக்கென்று சாய்க்கிறார்கள் என்றால் குழிக்குப் பின்னால் சுவர் இல்லை. ஒரே இடத்தில் எல்லோரும் விழுந்தால் அந்தக் குழியை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டு மறுபடி கொடுங்கள். யாருமே விழாத குழியை எடுத்துவிட்டு அந்த இடத்தை வேறு எதற்காவது பயன்படுத்துங்கள்.