ஸ்லாபுக்குள் இருப்பது அதே நாணயம்தானா?

கிரேடிங் செய்து (தரம் மதிப்பிட்டு), ஸ்லாப் எனும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அடைத்த அமெரிக்க மார்கன் வெள்ளி டாலரை வாங்குகிறவர்கள் லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கிறார்கள். எண் வந்துவிட்டால் பலர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். போலி ஸ்லாப் அடிப்பவன் அந்த எண்ணையே ஏதாவது ஏலப் படத்திலிருந்து எடுத்திருப்பான். எண் சரியாக இருந்தால், அந்த எண்ணில் ஒரு நாணயம் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே தெரியும். அது உங்கள் கையில் இருக்கும் நாணயம்தானா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

லேபிளில் தொடங்குங்கள். பிசிஜிஎஸ் லேபிள்கள் பலவற்றில் மூன்று தகவல்கள் ஒரே வரியில் இருக்கும்: நாணய வகை எண், புள்ளி வைத்து கிரேடு, சாய்கோட்டுக்குப் பிறகு சான்றிதழ் எண். 1893-எஸ் டாலரின் (எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி) வகை எண் 7226. கிரேடு 64 என்றால் வரி 7226.64/ என்று தொடங்க வேண்டும். அவசரத்தில் அச்சடித்த போலிகளில் மேலே ஒரு வருடமும் கீழே வேறு வகை எண்ணும் இருப்பதுண்டு. 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைலென்ஸில்) எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். ஸ்கேன் செய்து அச்சிட்டதென்றால் விளிம்பு கூர்மையாக இல்லாமல் சிறு புள்ளிகளாகச் சிதறியிருக்கும். 1895 (மின்ட் மார்க், அதாவது நாணயச்சாலைக் குறி, இல்லாதது) லேபிளில் எம்எஸ் (புழக்கத்துக்காக அடித்து, தேயாமல் இருக்கும் நாணயம்) என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அந்த வருட ஃபிலடெல்பியா டாலரில் இன்று அறியப்பட்டவை புரூஃப் (சேகரிப்பாளர்களுக்காகத் தனியாக அடித்த) நாணயங்கள் மட்டுமே; லேபிளில் பிஆர் அல்லது பிஎஃப் என்றுதான் இருக்க வேண்டும்.

அடுத்தது படம். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். சான்றிதழ் பக்கத்தில் படம் இருந்தால் நிறத்தை நம்பாதீர்கள். விளக்கின் கோணம் மாறினாலே டோனிங் (வெள்ளியின் மேல் படிந்த நிறப்படலம்) வேறாகத் தெரியும். நாணயத்தில் உள்ள லிபர்டி என்ற பெண் முகத்தின் கன்னத்திலும் அதற்கு முன்னுள்ள வெற்றுப் பரப்பிலும் உள்ள தட்டுத் தழும்புகளில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றும் எந்த நட்சத்திரத்துக்கு, எந்த எழுத்துக்கு நேராக இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள். மூன்றும் பொருந்த வேண்டும். பழைய சான்றிதழ்கள் பலவற்றுக்குப் படம் கிடையாது. அப்போது ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவுகளில் அதே எண்ணைத் தேடுங்கள். அதே எண்ணில் வேறு தழும்புகளோடு இன்னொரு நாணயம் விற்பனைக்கு வந்திருந்தால், இரண்டில் ஒன்றாவது போலி.

என்எஃப்சி சிப் உள்ள ஸ்லாபை போனில் தொட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அசல் ஸ்லாபைத் திறந்து உள்ளே இருப்பதை மாற்றியிருந்தால் சிப்பும் லேபிளும் அசலாகவே இருக்கும். அந்த மோசடியைப் பிடிக்க, படத்தை ஒப்பிடுவதோடு ஓட்டின் விளிம்பையும் பார்க்க வேண்டும்.

ஸ்லாபின் இரண்டு பாதிகளையும் மீயொலியால் உருக்கி ஒட்டுகிறார்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து நான்கு விளிம்புகளையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒட்டுக்கோடு ஓரிடத்தில் மட்டும் பால் வெள்ளையாக மங்கியிருப்பது, கத்தி நுழைத்த இடத்தில் சிறு சில்லு பெயர்ந்திருப்பது, பசை நூல் போல வழிந்து மினுங்குவது, அதற்குள் காற்றுக்குமிழ் தெரிவது எல்லாம் திறந்து ஒட்டியதற்கான அடையாளங்கள். விளிம்பு உப்புத்தாள் தேய்த்தது போல மங்கலாக இருந்தால் கத்தித் தடத்தை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். முன், பின் பரப்புகளில் உள்ள கீறல்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது தபாலில் உரசியதாக இருக்கலாம். நாணயம் உள்ளே ஆடினாலும் உடனே முடிவுக்கு வராதீர்கள்; பிசிஜிஎஸ்ஸின் ஆரம்ப கால ஸ்லாபுகளுக்கு ‘ராட்லர்’ என்ற பட்டப்பெயரே அதனால்தான் வந்தது. ஆனால் பழைய வடிவ ஓட்டுக்குள் சமீபத்தில் வெளியான நாணயம் இருந்தால் அது அசலாக இருக்க வழியே இல்லை.

கடைசியாக நாணயம். மார்கன் டாலரின் எடை 26.73 கிராம், ஆனால் ஸ்லாபுக்குள் எடை பார்க்க முடியாது. வலுவான காந்தம் வெளியிலிருந்தே இழுத்தால் உள்ளே இருப்பது வெள்ளி இல்லை. இழுக்காவிட்டால் எதுவும் நிரூபணமாகாது, பித்தளையையும் செம்பையும்கூட காந்தம் இழுக்காது. 1893-எஸ்ஸில் லூப்பை லிபர்டி (LIBERTY) என்ற சொல்லின் டி (T) எழுத்து மேல் வையுங்கள். அசலில் அதன் மேற்பகுதியில் மெல்லிய சாய்கோடு ஒன்று புடைத்திருக்கும். அச்சிலேயே இருந்த கீறல் அது. சாதாரண 1893 டாலரில் எஸ் குறியை ஒட்டியவர்களால் இந்தக் கோட்டைக் கொண்டுவர முடிவதில்லை. தேய்ந்த நாணயத்தில் கோடு மங்கியிருக்கலாம்.

சந்தேகம் வந்தால் ஸ்லாபை உடைக்காதீர்கள். உடைத்த பிறகு விற்றவர் திருப்பி எடுக்க மாட்டார், கிரேடிங் நிறுவனத்தின் உத்தரவாதமும் போய்விடும். பார்சலைப் பிரிக்கும்போதே, லேபிளும் நான்கு விளிம்பும் தெரியும்படி இடைவெட்டில்லாமல் வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு அதே எண்ணின் சான்றிதழ் படத்தையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் வைத்து, பொருந்தாத தழும்புகளை வட்டமிட்டு விற்றவருக்கு அனுப்புங்கள். அவர் மறுத்தால், ஸ்லாபைத் திறக்காமல் அப்படியே கிரேடிங் நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்து கேட்கலாம்.