எழுதியவரைவிட வாசிப்பவர் முக்கியம்: தொடர்களைக் காதால் கேட்பது எப்படி

முதன்முதலில் ஒலிப்புத்தகமாகக் கேட்க எடுத்த ஃபேண்டஸி நாவல் தொடரை ஆறே மணி நேரத்தில் கைவிட்டேன். கதை ஒன்றும் மோசமில்லை. துணி இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டேன். ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு நிமிர்வதற்குள் யாரோ செத்துப்போயிருந்தார்கள். எல்லோரும் அழுகிறார்கள், எனக்குச் செத்தது யாரென்றே தெரியவில்லை. புத்தகமாக இருந்தால் நாலு பக்கம் பின்னால் புரட்டியிருப்பேன். வரைபடம், வம்சாவளி, கடைசியில் பெயர்ப் பட்டியல் என்று காகிதத்தில் பிடித்துக்கொள்ள எத்தனையோ இருக்கும். காதில் பிடிமானம் ஒன்றே ஒன்றுதான்: வாசிப்பவரின் குரல். அதனால் இப்போதெல்லாம் எழுதியவர் யார் என்று பார்ப்பதற்கு முன் வாசித்தவர் யார் என்று பார்க்கிறேன்.

ஒலிப்புத்தகத் தளங்களில் சில நிமிட மாதிரி கிடைக்கும். அதில் வர்ணனையை விட்டுவிட்டு, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடத்தைக் கவனியுங்கள். ‘என்றான்’, ‘என்றாள்’ வருவதற்கு முன்பே பேசுவது யாரென்று தெரிந்துவிட்டால் அந்த வாசிப்பாளரை நம்பி நூறு மணி நேரம் போகலாம். பெண் பேசினால் உடனே கீச்சுக் குரலுக்குத் தாவும் ஆளா? வேண்டாம், பத்தாவது மணி நேரத்தில் தலை வலிக்கும். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ரகசியம் பேசும் இடமெல்லாம் தண்ணீரோடு போய்விடுகிறது என்றால் அந்தப் பதிவு வேலை நேரத்துக்கு ஆகாது.

தொடக்கத்துக்கு மார்த்தா வெல்ஸின் ‘மர்டர்பாட் டைரீஸ்’ நல்ல தேர்வு. 2017இல் வந்த முதல் பாகம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். தன்னைக் கட்டுப்படுத்தும் மாட்யூலைத் தானே முறியடித்துவிட்டு, கிடைத்த சுதந்திரத்தில் நாடகத் தொடர் பார்த்துக்கொண்டிருக்கும் பாதுகாப்பு இயந்திரம் ஒன்று தன் கதையைச் சொல்கிறது. சொல்வது ஒரே ஆள் என்பதால் குழப்பம் கிடையாது. கெவின் ஆர். ஃப்ரீயின் குரலில் மனிதர்களைக் கண்டாலே வரும் அந்தச் சலிப்பு அப்படியே இருக்கும்.

அப்புறம், வாசிப்பு ஒரு கதையை என்ன செய்யும் என்று காட்டுவதற்கு நான் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவது ஜோ அபர்கிராம்பியின் ‘தி ஃபர்ஸ்ட் லா’. முதல் பாகமே ஏறத்தாழ 22 மணி நேரம். வாசிப்பவர் ஸ்டீவன் பேஸி. அதில் க்ளோக்டா என்றொரு விசாரணை அதிகாரி வருகிறான். ஒரு காலத்தில் அழகன், வாள்வீரன். எதிரிகளிடம் சிக்கிச் சித்திரவதைப்பட்டுத் திரும்பியவன். பற்களில் பாதி போய்விட்டது, படிக்கட்டைக் கண்டாலே நடுங்குவான். அச்சில் அவன் பேசுவது நேர் எழுத்தில், நினைப்பது சாய்வெழுத்தில். பேஸி என்ன செய்கிறார் தெரியுமா? க்ளோக்டா வாய் திறந்து பேசும்போது பல் இல்லாத குழறல். அவனே மனதுக்குள் நினைக்கும்போது குழறலே இல்லாத தெளிவான குரல். மனதுக்குள் இருக்கிறவனுக்கு எல்லாப் பற்களும் பத்திரமாக இருக்கின்றன! புத்தகமாகப் படித்தபோது இது எனக்கு உறைக்கவே இல்லை. காதில் கேட்டபோது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றுவிட்டேன். ரத்தம், கெட்ட வார்த்தை இரண்டும் தாராளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் சத்தமாக ஓடவிடாதீர்கள்.

டெர்ரி பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்ட்’ இதே ரகம். அதில் மரணம் ஒரு கதாபாத்திரம். அச்சில் மரணத்தின் பேச்சு முழுக்கச் சிறிய கேப்பிடல் எழுத்துகளில் இருக்கும். அதை எப்படி வாசிப்பது? சமீபத்திய பதிவுகளில் மரணத்துக்கென்றே பீட்டர் செரஃபினோவிச், அடிக்குறிப்புகளுக்கென்றே பில் நை. சூனியக்காரிகள் வரும் கதைகளை இந்திரா வர்மா வாசிக்கிறார். மொத்தம் 41 நாவல்கள் என்று மலைக்காதீர்கள். வரிசைப்படி கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை, முதல் நாவலில் ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. காவல்படைக் கதைகள் ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ நாவலில் தொடங்குகின்றன, அதில் நுழையுங்கள்.

நீளமான தொடருக்குள் போகுமுன் ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள்: கடைசிவரை ஒரே குரல்தானா? ‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற விண்வெளித் தொடரின் நான்காம் பாகத்தை முதலில் வேறொருவர் வாசித்திருந்தார். பின்னால் அதையும் ஜெஃபர்சன் மேஸின் குரலிலேயே மறுபதிவு செய்தார்கள். மூன்று பாகம் கூடவே வந்த கப்பல் கேப்டன் திடீரென்று அந்நியன்போலப் பேசினால் எப்படி இருக்கும்? இதற்கு நேர்மாறான உதாரணம் ‘தி வீல் ஆஃப் டைம்’. ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்துவிட, கடைசி மூன்று பாகங்களை பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். எழுதியவர் மாறினாரே தவிர 14 பாகங்களிலும் வாசிப்பவர்கள் மாறவில்லை. ஆணின் பார்வையில் போகும் பகுதிகளை மைக்கேல் கிராமரும் பெண்ணின் பார்வையில் போவதை கேட் ரீடிங்கும் வாசிக்கிறார்கள். இருவரும் கணவன் மனைவி. சில பெயர்களை ஆளுக்கொரு விதமாக உச்சரிக்கிறார்கள், அது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

பெயர் என்றதும் நோட்டு ஞாபகம் வருகிறது. நம்மில் பலருக்கு ஆங்கிலம் கண்வழியாக வந்த மொழி, காது கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும். அதனால் பெயர்களைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதிவைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் இரண்டே சொல். ‘தி வீல் ஆஃப் டைம்’ கேட்டபோது எழுதியது: ‘நைனீவ், ஜடையை இழுப்பவள்’. கண்ணால் படித்த நாளில் நான் ‘சியுவான்’ என்று வைத்திருந்த பெண், கேட்டால் ‘ஸ்வான்’. இணையத்தில் பெயரைத் தேடாதீர்கள், முதல் வரியிலேயே அவர் எப்படிச் சாகிறார் என்று வந்து நிற்கும். நோட்டே போதும்.

வேகத்தை முதல் ஒரு மணி நேரம் 0.9இல் வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘தி ஃபர்ஸ்ட் லா’வின் வடநாட்டு வீரர்களுக்கு ஸ்டீவன் பேஸி கொடுக்கும் வட இங்கிலாந்து உச்சரிப்பு பழக எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. பழகியபின் 1.2 வரை போகலாம். அதற்கு மேல் போனால் க்ளோக்டாவின் குழறல் வெறும் கொரகொரப்பாகிவிடும். 30 வினாடி பின்னால் போகும் பொத்தானைத் தயங்காமல் அழுத்துங்கள்.

என். கே. ஜெமிசினின் ‘ப்ரோக்கன் எர்த்’தை மட்டும் வேலையோடு கேட்க வேண்டாம். மூன்று பாகங்களும் 2016, 2017, 2018 என வரிசையாக, அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் தரப்படும் ஹியூகோ விருது வாங்கியவை. கதையின் ஒரு பகுதி ‘நீ’ என்று முன்னிலையில் போகிறது. ராபின் மைல்ஸ் அதைக் காதோரம் சொல்லும்போது கை வேலை நின்றுவிடும்.

தூங்கும் நேரத்துக்கு ஏற்கெனவே படித்த கதையைப் போடுங்கள், டைமர் 15 நிமிடம். காசு செலவழிக்காமல் பழக நினைத்தால் லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் பதிப்புரிமை முடிந்த பழைய நூல்கள் இலவசம். தன்னார்வலர்கள் வாசித்தவை, சில நூல்களில் அத்தியாயத்துக்கு ஒரு குரல் மாறும்.

சரி, அந்த முதல் தொடருக்கு வருகிறேன். போன மாதம் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து மறுபடி கேட்டேன். செத்தது ஒரு குதிரை.