பெரிய கிளாசிக் கார் போட்டிக்கு உங்கள் காரைக் கொண்டுபோவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

பழைய கார் ஒன்றைப் பல வருடமாகப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்து வைத்திருக்கிறீர்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் "இதைப் போட்டிக்குக் கொண்டுபோகலாமே" என்கிறார்கள். கட்டாயம் போகலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவர்களைப் பளபளப்பு மட்டும் மயக்கிவிடாது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று இந்த கார் எப்படி இருந்தது, இன்று அதற்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். கீழே சொல்லும் வேலை எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்வதற்காகத்தான்.

முதல் படி: எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள்

பழைய கார்களை வரிசையாக நிறுத்தி நடுவர்கள் மதிப்பிடும் இந்தப் போட்டிகளுக்குக் 'கான்கூர்' என்று பெயர். பிரெஞ்சுச் சொல். பாரிஸில் அலங்கரித்த குதிரை வண்டிகளை ஊர் பார்க்க ஓட்டிக் காட்டிய வழக்கம்தான் பின்னால் கார்களுக்கு வந்தது. இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் நடக்கும் வில்லா டெஸ்டே 1929-இல் தொடங்கியது. அங்கே ஏறத்தாழ 50 கார்களுக்குத்தான் இடம். கலிபோர்னியாவின் பெபிள் பீச் 1950-இல் தொடங்கியது. கோல்ஃப் மைதானப் புல்வெளியில் 200 கார்கள் வரை நிற்கும்.

மதிப்பிடும் முறை எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில இடங்களில் 100 மதிப்பெண்ணில் தொடங்கி, தவறுக்குத் தவறு கழிப்பார்கள். சில இடங்களில் காரின் அழகு, வடிவமைப்பு, அது நிற்கும் தோரணை இதற்குத்தான் முதலிடம். வில்லா டெஸ்டேவில் கோப்பா டோரோ என்ற பரிசைப் பார்வையாளர்களின் வாக்கு முடிவு செய்கிறது. இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நடக்கும் கான்கூரில் கலந்துகொள்ளும் உரிமையாளர்களே வாக்களித்து முதல் காரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் காரின் பலம் எது என்று யோசித்து, அதற்கேற்ற போட்டியைப் பிடியுங்கள். விண்ணப்பிக்கும் முன் ஒரு வருடம் சும்மா பார்வையாளராகப் போய்வருவது நல்லது. நடுவர்கள் எங்கே குனிகிறார்கள், எங்கே டார்ச் அடிக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். ஒரு கார் கிளப் நடத்தும் சின்னப் போட்டியில் முதலில் நிற்பதும் உதவும்.

இரண்டாம் படி: எண்களும் காகிதங்களும்

சேசிஸ் எண், எஞ்சின் எண், பாடி எண் மூன்றையும் நீங்களே பார்த்துப் படம் எடுங்கள். தொழிற்சாலைப் பதிவேட்டில் உள்ள எண்களோடு அவை ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். பல நிறுவனங்களின் பழைய பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. எம்ஜி, ஆஸ்டின் போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. ஃபெராரி தன் கார்களுக்குத் தானே சான்று தரும். காரின் முதல் நிறம், சீட் தோலின் நிறம், எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் இப்படிப்பட்ட ஏடுகளில்தான் கிடைக்கும்.

பழைய உரிமையாளர்களின் படங்கள், பில்கள், கடிதங்கள், வேலை நடந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். போட்டி நாளன்று நீங்கள் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் சாட்சி இந்தக் கோப்புதான்.

மூன்றாம் படி: விண்ணப்பம்

பெரிய போட்டிகளில் பணம் கட்டினால் இடம் கிடைத்துவிடாது. தேர்வுக் குழு அழைக்க வேண்டும். போட்டிக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். படங்களைப் பகல் வெளிச்சத்தில், பின்னால் குப்பை தெரியாமல் எடுங்கள். முன், பின், இரு பக்கம், உள்ளே, எஞ்சின், இவ்வளவு போதும். வரலாற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். மாற்றிய பாகம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குழுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உங்கள் காரின் சகோதரக் கார்கள் எல்லாம் தெரியும்.

நான்காம் படி: காரைத் தயார் செய்வது

இங்கேதான் நேரம் போகும், போகவும் வேண்டும். முதலில் ஒரு முடிவு: முழுக்க மறுசீரமைப்பதா, இருப்பதை அப்படியே காப்பதா? காரில் பழைய பெயின்ட்டும் தோலும் இன்னும் உயிரோடு இருந்தால் கை வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 2024-இல் பெபிள் பீச்சில் முதல் பரிசு பெற்றது 1934-ஆம் வருட புகாட்டி டைப் 59. மறுசீரமைக்காமல் காத்து வைத்த கார் ஒன்று அங்கே அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. உரித்த பெயின்ட் உரித்ததுதான், திரும்ப வராது.

ஏற்கெனவே மறுசீரமைத்த கார் என்றால், காலத்துக்குப் பொருந்தாத பொருட்களைத் தேடுங்கள். நான் முதல்முறை கொண்டுபோனது 1931 மாடல். நடுவர் டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்து, ஒரு கீலில் இருந்த இரண்டு ஸ்க்ரூவைக் காட்டினார். இரண்டும் ஸ்டார் ஸ்க்ரூ, தலையில் கூட்டல் குறி மாதிரி வெட்டு உள்ளது. அந்த வகை ஸ்க்ரூ கார் தொழிற்சாலைகளுக்குள் வந்ததே 1936 வாக்கில், காடிலாக் கார்களில். என் காரில் இருந்திருக்க வழியே இல்லை. எப்போதோ யாரோ மாட்டியது. நான் பார்க்கத் தவறிவிட்டேன்.

இதே மாதிரி இன்னும் சில உண்டு. குரோம் பூச்சு கார்களில் பரவியது 1920-களின் பிற்பகுதியில். அதற்கு முந்தைய கார் என்றால் நிக்கல் பூச்சுதான் சரி. அதில் மெலிதான மஞ்சள் சாயல் தெரியும். ரேடியல் டயர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. போருக்கு முந்தைய காரில் அது இருந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். துணி சுற்றிய ஒயர் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஒயர், மெல்லிய பழைய பெயின்ட்டுக்குப் பதில் கண்ணாடி மாதிரி தடித்த பளபளப்பு, இவையும் மதிப்பெண்ணைக் குறைக்கும். டூல் கிட், ஜாக், ஸ்டெப்னி மூன்றும் அந்தக் காலத்தவையாக இருந்தால் நடுவர் முகம் மலர்வதை நேரில் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: ஓட்டுங்கள்

நிறுத்தி மட்டும் வைக்கும் கார் போட்டி நாளில் கைவிடும். மாதக் கணக்கில் வாரம் ஒருமுறையாவது ஓட்டி, சூடேறிய எஞ்சினை அணைத்துத் திரும்பக் கிளப்பிப் பாருங்கள். பெபிள் பீச்சில் போட்டிக்கு முன் சாலைப் பயணம் ஒன்று உண்டு. இரண்டு கார்கள் சம மதிப்பெண் எடுத்தால், அந்தப் பயணத்தை முடித்த காருக்கே முன்னுரிமை. டிரெய்லரில் ஏற்றும்போது பட்டையைச் சக்கரத்திலோ ஆக்ஸிலிலோ கட்டுங்கள், பம்பரில் வேண்டாம்.

ஆறாம் படி: போட்டி நாள் காலை

விடியும்போதே புல்வெளிக்குள் நுழைய வேண்டியிருக்கும். கார் முழுக்கப் பனி படிந்திருக்கும், டயர் பள்ளங்களில் புல் ஒட்டியிருக்கும். சுத்தமான மைக்ரோஃபைபர் துணி நிறைய, சின்னப் பிரஷ், எஞ்சினுக்கு அடியில் வைக்க எண்ணெய்த் தட்டு, தீயணைப்பான், இவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கண்ணாடிக்கு ஒரு வழி: வெளிப்பக்கம் குறுக்காகத் துடையுங்கள், உள்பக்கம் மேலிருந்து கீழாக. கோடு விழுந்தால் எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். டயருக்குப் பளபளப்புத் தைலம் பூச வேண்டாம்.

ஏழாம் படி: நடுவர் முன்னால்

கிடைப்பது சில நிமிடம்தான். பெயர் சொல்லி, காரின் கதையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வழிவிடுங்கள். எஞ்சினைக் கிளப்பச் சொல்வார்கள். விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் கேட்பார்கள். எந்த சுவிட்ச் எங்கே என்று கை தானாகப் போக வேண்டும், வீட்டிலேயே பழகிவிடுங்கள். பானெட், டிக்கி, கதவு எதையும் நீங்களே திறந்து காட்டுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். அவர் குறை சொன்னால் வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், முடிந்தபின் மதிப்பீட்டுத் தாளைப் பார்க்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வருடத்துக்கான வேலைப் பட்டியல் அதிலேயே இருக்கும்.

என் பட்டியலில் முதல் வரி அந்த இரண்டு ஸ்க்ரூ. அதே அளவில், அந்தக் காலத்து ஒற்றை வெட்டுத் தலை உள்ளதைத் தேடிப் பிடிக்க 4 மாதம் ஆனது. மறுவருடம் வேறொரு நடுவர் அதே இடத்தில் டார்ச் அடித்தார். ஒன்றும் எழுதாமல் அடுத்த கதவுக்கு நகர்ந்தார்.