ப. சிங்காரத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ப. சிங்காரம் எழுதியவை இரண்டே நாவல்கள். ஆனால் பலரும் நேராகப் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்து, இந்தோனேசியாவின் மெடான் நகரத் தெருப்பெயர்களிலேயே மூச்சு வாங்கி மூடி வைத்துவிடுகிறார்கள். முதலில் 1959இல் வந்த ‘கடலுக்கு அப்பால்’ படியுங்கள். அளவில் சின்னது, கதையும் நேர்கோட்டில் போகும். பினாங்கில் வட்டிக்கடை வேலையிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் செல்லையாவை, முதலாளியால் பழைய ஆளாகப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான் கதை. கிட்டங்கி (வட்டிக்கடை நடக்கும் கட்டடம்), பெட்டியடி (பணப்பெட்டி அருகே கணக்குப் பார்க்கும் இடம்), அடுத்தாள் (கடையில் அடுத்த நிலை ஊழியர்) போன்ற சொற்கள் எல்லாம் இதிலேயே பழகிவிடும்.

அப்புறம் ஒரு துண்டுத் தாளில் சில தேதிகளை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1942 மார்ச், ஜப்பான்காரன் மெடானுக்குள் நுழைகிறான். 1943 ஜூலை, நேதாஜி சிங்கப்பூர் வருகிறார். 1945 ஆகஸ்ட் 15 ஜப்பான் சரண், 17 இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம். மெடான் டச்சுக்காரர்களிடமும் பினாங்கு ஆங்கிலேயரிடமும் இருந்த ஊர்கள், நடுவில் மலாக்கா நீரிணை. இது மனதில் இருந்தால், ‘புயலிலே ஒரு தோணி’யின் நாயகன் பாண்டியன் தொங்கான் என்கிற மரக்கலத்தில் கடல் கடக்கும் அத்தியாயத்தில் புயல் தவிர வேறு எதுவும் உங்களைத் தடுக்காது.

சிங்காரத்தின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லதுதான், ஆனால் அளவோடு. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் பிழைப்புக்காக மெடான் போய், 1946இல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் பல்லாண்டு வேலை பார்த்தவர், 1997இல் இறந்தார். இதை வைத்துக்கொண்டு பாண்டியன்தான் சிங்காரம் என்று முடிவு கட்டினால் நாவல் கெட்டுப்போகும். வெளிநாட்டில் இருந்த காலம் பத்து வருஷம்கூட இல்லை, இரண்டு நாவலையும் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். அதனால்தானோ என்னவோ, மெடானில் நிற்கிற பாண்டியனுக்குச் சொந்த ஊரான சின்னமங்கலத்துச் சந்தையும் மதுரைத் தெருக்களும் அத்தனை துல்லியமாக நினைவுக்கு வருகின்றன. அந்தப் பக்கங்களைக் கதை நகரவில்லை என்று தாண்டிவிடாதீர்கள், எனக்கு நாவலின் உச்சமே அவைதான்.

தமிழ்ப் பெருமையையும் பழைய இலக்கியத்தையும் கிண்டலடிக்கும் நீண்ட பேச்சுகள் வரும்போது, ஒவ்வொரு குறிப்பையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சத்தமாக வாசித்தாலே பாதி நக்கல் பிடிபடும், மீதியை இரண்டாம் வாசிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.